முதல் மீனும் பாதிக் கையெழுத்தும்

"எந்தக் கலத்திலும் எந்தப் பொருளையும் பொருத்துமுன், அந்தக் கலம் நீரில் மிதக்கும் நிலையில், அதைச் செலுத்துவோர் தத்தம் இடத்தில் இருக்கும்போது, பொருத்த வேண்டிய இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ள வேண்டும்."

நான் வேலை பார்த்த அலுவலகத்தின் நிலையாணைகளில் இது ஒன்று. அதன் எண், உட்பிரிவு, பின்னால் வந்த திருத்தம் எல்லாம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். (வீட்டில் யாரும் கேட்பதில்லை.) ராயபுரத்தில் சரக்குப் படகுகளைப் பழுது பார்த்துக் கொடுக்கும் அலுவலகம் அது. இந்த விதியை எழுதிய புண்ணியவான் எவரோ தெரியாது. நிச்சயமாக ஒரு முறையாவது முழுகியிருப்பார். அனுபவம் இல்லாமல் இவ்வளவு தெளிவாக ஒருவரால் எழுத முடியாது.

1949-ல் நான் இந்த விதியைக் கடைப்பிடிக்கவில்லை. மறந்துபோய் அல்ல. மறப்பது சாதாரண குமாஸ்தாக்கள் செய்கிற வேலை. நான் விதியை எடுத்து வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஆராய்ந்து, அது அலுவலகப் படகுகளுக்கு மட்டுமே செல்லும், கண்காணிப்பாளரின் சொந்தப் படகுக்குச் செல்லாது என்று ஆதாரத்தோடு தீர்மானித்தேன். அந்தத் தீர்மானத்தில் இன்றும் ஒரு பிழை காண முடியாது. படகுதான் முழுகியது.

கதை புரிய வேண்டுமானால் எங்கள் அலுவலகத்தில் இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். முன்பு இருந்த வெள்ளைக்காரக் கண்காணிப்பாளர் ஞாயிறுதோறும் எண்ணூர்க் கழிமுகத்துக்குத் தூண்டில் போடப் போவார். வாரம் முழுவதும் தேங்கிய காகிதங்களை ஒரு தோல்பையில் திணித்து உடன் எடுத்துக்கொள்வார். முதல் மீன் மாட்டியதும் மனிதருக்குக் குஷி பிறக்கும். பையைத் திறந்து வரிசையாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவார். விடுப்பு, இடமாற்றம், சம்பள உயர்வு எல்லாம் அந்தப் படகில்தான் பிறந்தன. திங்கட்கிழமை வருகிற காகிதத்தில் மீன் செதில் ஒட்டியிருந்தால் காரியம் முடிந்தது என்று பொருள். காகிதம் சுத்தமாக இருந்தால் அடுத்த வாரம் பார்க்கலாம்.

அவர் கப்பலேறியபோது படகையும் தூண்டில் கோல்களையும் தமக்கு அடுத்து வந்த ராஜகோபாலிடம் விற்றுவிட்டுப் போனார். ராஜகோபால் சார், பொறுப்பு ஒப்படைப்பில் ஞாயிற்றுக்கிழமை வழக்கமும் அடக்கம் என்று நம்பினார். வெள்ளைக்காரர் செய்ததில் ஒன்று குறைந்தாலும் சுதந்தரம் கிடைத்ததற்கு நாம் லாயக்கில்லை என்று ஆகிவிடுமாம். ஆனால் அவர் சுத்த சைவம். இறாலைத் தொடமாட்டார். கோதுமை மாவை உருட்டி, வெண்ணெய் தடவி, முள்ளில் குத்திப் போடுவார்.

படகோட்டி கன்னியப்பன் முதல் நாளே சொல்லிப் பார்த்தான். "தொரை, இது கொடுவா. எறா துன்னு வளர்ந்த மீனு. அதுக்குப் போயி சப்பாத்தி மாவு போட்டா எப்டி?"

"பழகிக்கொள்ளட்டும்" என்றார் ராஜகோபால்.

மீன்கள் பழகவில்லை. மீன் மாட்டாததால் கையெழுத்தும் இல்லை. தலைமை எழுத்தர் ஒருநாள் தயங்கித் தயங்கி, மேசையிலேயே உட்கார்ந்து போட்டுவிடலாமே என்றார். "முன்மாதிரி இல்லையே ஐயா" என்று பதில் வந்தது. தோல்பை வாரத்துக்கு வாரம் பருத்தது. கல்யாணத்துக்கு விடுப்புக் கேட்டவன் விடுப்பு இல்லாமலே கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளைப்பேற்றுக்கு அடுத்த விண்ணப்பம் கொடுத்துவிட்டான். அந்தப் பையில், எல்லாவற்றுக்கும் மேலாக, என்னுடைய பணி நிரந்தர உத்தரவு இருந்தது. (மேலாக வைத்தவன் நான்தான். காகிதங்களை அடுக்குவது என் பொறுப்பு.)

உத்தரவு வராவிட்டால் எனக்குக் கமலா கிடையாது.

கமலாவின் அப்பா சபாபதி, தண்டையார்பேட்டை டோல்கேட் பக்கத்தில் இருந்தார். ரயில்வே சரக்கு குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்கப் போன அன்றே எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசிவிட்டார். "இதோ பாருங்க தம்பி. டெம்ப்ரவரி ஆளுக்குப் பொண்ண குடுத்தா பொண்ணு டெம்ப்ரவரியா போயிட்டு டெம்ப்ரவரியா திரும்பி வந்துடும். ஆர்டர எடுத்தாந்து காட்டு, மறுநாளே பத்திரிகை அடிக்கிறேன். ஆவணி வரைக்கும்தான் டைமு. எண்ணெய்க் கம்பெனி பையன் ஒருத்தன் வேற கேட்டுகினே கீறான். அவன் பெர்மனென்ட்டு."

கமலா காப்பி கொண்டுவந்து வைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் அப்பாவிடம், "அந்த எண்ணெய்க் கம்பெனிக்காரு வந்தா அவருக்கு நான் காப்பி போடமாட்டேன். அம்மாவ போடச் சொல்லு" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் ராயபுரம் வரை நடந்தே வந்தேன். டிராமில் ஏறவேண்டும் என்பதே தோன்றவில்லை.

அப்போது ஆடி பிறந்துவிட்டது. மாவைத் தின்னும் கொடுவா எதுவும் எண்ணூரில் இருப்பதாகத் தகவல் இல்லை. ஆகவே நான் என் மூளையை உபயோகித்தேன். (என் வாழ்க்கையின் பெரிய சேதங்கள் எல்லாம் இந்த வாக்கியத்தில்தான் தொடங்குகின்றன.) ஒரு கோலைக் கையில் பிடித்தால் ஒரு வாய்ப்பு. படகிலேயே குழாய்களைப் பொருத்தி அவற்றில் நான்கு கோல்களைச் செருகி நிறுத்தினால் நான்கு வாய்ப்பு. கையும் சும்மா இருக்கும். இப்படி ஒரு குறிப்பு எழுதி, "தூண்டில் தாங்கிகள்" என்று தலைப்பிட்டு, மேலே அனுப்பினேன்.

ராஜகோபால் என்னைக் கூப்பிட்டார். "கை சும்மா இருக்குமா?"

"இரண்டு கையும் சார்."

"வெற்றிலைப் பெட்டியும் குடையும் ஒரே நேரத்தில் பிடிக்கலாம்?"

"தாராளமாக."

"நீர் படித்தவர் ஐயா" என்றார். "நீர் சொன்ன அந்தப் பெண்வீட்டுக்காரரையும் வரச்சொல்லும். மீன் மாட்டியதும் அவர் கண் முன்னாலேயே போட்டுவிடுகிறேன்."

இனி ஒரே கேள்விதான். தாங்கிகளை எங்கே பொருத்துவது?

பட்டறை ஃபிட்டர் காதர் பாய், "நடுவுல நட்டு வுடு தம்பி, பந்தக்காலு மாதிரி. பேஜார் இல்லாத வேல" என்றார். நடுவில் கண்காணிப்பாளரின் நாற்காலி வரும் என்றேன். "அப்ப நாற்காலியிலயே ரெண்டு ஓட்ட போட்டுத் தரேன்" என்றார். ஓட்டை போடுவதில் அவருக்கு இருந்த ஆர்வம் எதில் போடுவது என்பதில் இல்லை.

நான் அலமாரியைக் குடைந்து, வெள்ளைக்காரர் விட்டுப்போன ஓர் ஆங்கிலப் பத்திரிகையை எடுத்தேன். அதில் ஒரு மீன்பிடி படகின் படம் இருந்தது. பின்பக்கத்துப் பலகையில் வரிசையாகத் தாங்கிகள். பக்கத்தில் தன் உயரத்துக்கு ஒரு மீனைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவன் சிரித்தான். முடிந்தது ஆராய்ச்சி. தாங்கிகள் பின்பக்கம். படத்தில் இருந்த படகின் முன்பக்கத்தில் ஒரு சக்கரமும், அதைப் பிடித்தபடி ஓர் ஆளும் இருந்ததை நான் கவனிக்காமல் இல்லை. அழகுக்கு வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

இருந்தாலும் சோதித்துப் பார்க்காமல் துளை போட நான் ஒன்றும் பொறுப்பில்லாதவன் அல்ல. பட்டறைக் கொட்டகையில் மரக்கட்டைகள் மேல் ஏற்றி வைத்திருந்த படகில் ஒத்திகை நடத்தினேன். ராஜகோபால் நாற்காலி போட்டு, குடை விரித்து உட்கார்ந்தார். எதிரே நான் சபாபதியாக உட்கார்ந்தேன். காதர் பாய் பின்னால் நின்று மூங்கில்களைச் சாய்த்துப் பிடித்தார். சாய்வு, இடைவெளி, குடைக்கும் கோலுக்கும் உள்ள தூரம் எல்லாம் கச்சிதம். கடைசியாகக் கன்னியப்பனைக் கூப்பிட்டேன். அவன் கொட்டகை வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"கன்னியப்பா, படகில் நீ எங்கே உட்காருவாய்?"

அவன் தன்மானம் சீண்டப்பட்டவன் போலப் பார்த்தான். "நா எங்க நைனா உக்கார்றது? எங்கப்பன் தொழில் கத்துக் குடுத்த நாள்லேர்ந்து படகுல நா உக்காந்ததே கெடையாது. உக்கார்றவன் பொம்பளையா இருக்கணும், இல்ல ஆபீசரா இருக்கணும்."

"படகோட்டிக்கு இருக்கை தேவையில்லை" என்று குறித்துக்கொண்டேன். "அப்படியானால் பின்பக்கம் காலிதானே?"

அவன் வாசலில் இருந்தபடியே எட்டிப் பார்த்தான். "காலியாத்தான் கீது. நீயே பாரேன்."

பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது. அவன் வெளியே நிற்கும்போது வேறு எப்படி இருக்கும் என்பது என் ஆராய்ச்சியில் வரவில்லை.

காதர் பாய் பழைய நீராவிக் குழாயை அறுத்து நான்கு தாங்கிகள் செய்தார். பின்பக்கத்து மேல்பலகையில் வரிசையாக நிறுத்தி, கட்டைவிரல் பருமனுக்குப் போல்ட்டு போட்டு முறுக்கினார். கடைசி நட்டை முறுக்கிவிட்டு, குழாயைக் காலால் ஒரு உதை விட்டார். "யான கட்டு தம்பி. யான போவும், இது போவாது." குழாய்க்கு அவர் உத்தரவாதம் கொடுத்தார். பலகையைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை படகைக் கட்டைவண்டியில் ஏற்றி எண்ணூருக்குக் கொண்டுபோனோம். சபாபதி பட்டுக்கரை வேட்டியில் வந்தார். பிறந்ததிலிருந்து கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வசித்தும், அவர் படகில் ஏறுவது அன்றுதான் முதல் தடவையாம். ஆனால் கையில் மீன் வாங்குகிற பெரிய பை ஒன்று இருந்தது. கண்காணிப்பாளர் சைவம் என்றால் பிடித்த மீன் எங்கே போகும் என்று அவர் முன்பே கணக்குப் போட்டுவிட்டார்.

எல்லோரும் ஏறி உட்கார்ந்தோம். நான்கு குழாய்களில் நான்கு கோல்கள் கம்பீரமாக நின்றன. கன்னியப்பன் படகைத் தள்ளிவிட்டு, நீளத் துடுப்போடு வழக்கம்போலப் பின்பக்கம் தாவினான். தாவியவன் அப்படியே நின்றான். அங்கே நின்றுகொண்டு துடுப்பை இந்தப்புறமும் அந்தப்புறமும் வீசித்தான் அவன் படகைச் செலுத்துவான், திருப்புவான். இப்போது எந்தப் பக்கம் வீசினாலும் ஒரு கோல் குறுக்கே வந்தது.

"இன்னா நைனா இது? ஜெயிலு கம்பியா? நா எங்க நிக்கறது?"

"நீதானே இடம் வேண்டாம் என்றாய்?"

"உக்கார எடம் வேணான்னேன். நிக்கறத பத்தி நீ கேட்டியா?"

"பின்பக்கம் காலி என்றாயே!"

"நா எறங்கி நின்னா காலியாத்தான இருக்கும்! செத்தவன் வூட்டுலகூட கட்டில் காலியாத்தான் இருக்கும், அதுக்காக..."

"என்ன தகராறு அங்கே?" என்றார் குடைக்குள் இருந்து ராஜகோபால். கோல்களை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "நான்கு வாய்ப்பு என்று எழுதியிருக்கிறீர். ஒன்று குறையக்கூடாது" என்றார்.

சபாபதி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எண்ணெய்க் கம்பெனி தெரிந்தது. உடனே நான் தீர்வு சொன்னேன். அதைச் சொன்ன விதத்தில் இருந்த நிதானத்தை நினைத்தால் எனக்கே இன்றும் மரியாதை வருகிறது. "முன்பக்கம், பின்பக்கம் என்று படகில் எழுதியா வைத்திருக்கிறது? கன்னியப்பா, நீ முன்பக்கம் போய் நின்றுகொள். அதைப் பின்பக்கமாக வைத்துக்கொள்வோம்."

கன்னியப்பன் துடுப்பை மாற்றிப் பிடித்துப் பார்த்தான். அவனுக்கும் அது பிடித்துப்போயிற்று என்பதுதான் அவனைப்பற்றி நான் சொல்லவேண்டிய பெரிய குறை. "செய்யலாம் நைனா. இந்தக் கழியில எவனும் இதுவரைக்கும் செஞ்சதில்ல" என்று பெருமையோடு முன்பக்கம் போனான்.

இப்படியாக எங்கள் படகு பின்பக்கமாகப் புறப்பட்டது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். "கன்னியப்பா! போறியா, வர்றியா?" என்று ஒருவன் கத்தினான். "ஆபீசு படகுடா, அப்டித்தான் போவும்!" என்று இன்னொருவன் பதில் சொன்னான். ராஜகோபால் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு குடையைச் சற்று உயர்த்தினார்.

உப்பளம் தாண்டியதும் அவர் மாவு உருண்டைகளைக் குத்தி நான்கு கயிறுகளையும் நீரில் விட்டார். இங்கேதான் ஒரு சின்ன விஷயம். படகு முறையாகப் போனால் தூண்டில் கயிறுகள் அதற்குப் பின்னால் இழுபட்டு வரும். எங்கள் படகில் கோல்கள் போகும் திசையில் இருந்தன. கயிறுகள் விழுந்த இடத்தின்மேல் படகே ஏறிப் போயிற்று. நான்கு கயிறும் படகின் வயிற்றுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போய், மறுபக்கம் வெளியே வந்து, கன்னியப்பனின் துடுப்பில் நூல்கண்டு மாதிரிச் சுற்றிக்கொண்டன.

முதல் கோல் வில்லாக வளைந்தது.

"மீன்!" என்று அலறினார் ராஜகோபால். இரண்டாவது கோலும் வளைந்தது. "இரண்டு மீன்!"

"கொடுவாங்க!" என்று துள்ளினார் சபாபதி. "இந்த இழுப்புக்கு கொடுவாதான். வுடாதீங்க!"

கண்காணிப்பாளர் குடையை மடியில் சாய்த்துக்கொண்டு, கோலைப் பிடித்து இழுத்தார். மறுகோடியில் குடைக்கு அந்தப் பக்கம் நின்ற கன்னியப்பனுக்கு எதுவும் தெரியவில்லை. துடுப்பை யாரோ இழுக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. "எவன்டா அது தண்ணிக்குள்ள? எங்கப்பன் துடுப்புடா!" என்று அவனும் இழுத்தான். கண்காணிப்பாளர் படகோட்டியைப் பிடிக்க, படகோட்டி கண்காணிப்பாளரைப் பிடிக்க, இருவருக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கமும் தெரிகிற இடம் என்னுடையது மட்டும்தான்.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ராஜகோபால், "பேனா எங்கேயா? முதல் மீன் ஐயா, முதல் மீன்! எடும் அந்த உத்தரவை!" என்றார்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். பேனாவின் மூடி ஏற்கெனவே என் பல்லில் இருந்தது.

"சார், கோல் வளைந்திருக்கும்போதே போட்டுவிடுங்கள். அதுதான் விசேஷம்" என்று காகிதத்தை நீட்டினேன். வைத்து எழுத ஏதுமில்லை. சபாபதி தாமே திரும்பி முதுகைக் காட்டிக் குனிந்தார். மகளின் கல்யாணத்துக்கு முதுகு கொடுக்காத தகப்பன் உண்டா? அந்த நேரம் பார்த்துக் கன்னியப்பன் களைத்துப்போய்த் துடுப்பைத் தளரவிட்டான். கோல்கள் நிமிர்ந்தன. கண்காணிப்பாளரின் பேனா நின்றது.

"போய்விட்டதா?" என்றார்.

நான் குடைக்கு மேலாகக் கையை ஆட்டினேன். "இழு கன்னியப்பா! இழு!"

"இழுப்பது நான், அவன் எதற்கு இழுக்கவேண்டும்?" என்றார் ராஜகோபால்.

"உங்களுக்கு உற்சாகமாக இருக்கும் என்று சார்."

கன்னியப்பன் இழுத்தான். நான்கு கோல்களும் ஒருசேர வளைந்தன. "நான்கு மீன்!" என்று கண்காணிப்பாளர் பரவசமாகிப் பேனாவைச் சபாபதியின் முதுகில் ஊன்றினார். கே. ராஜகோ என்பது வரை வந்துவிட்டது. மீதி இரண்டே எழுத்து.

ஆனால் நான் ஊட்டிய உற்சாகம் அதிகமாகிவிட்டது. கன்னியப்பன் பலகையில் இரண்டு காலையும் உதைத்து ஊன்றிக்கொண்டு, அவனுடைய முன்னோர் எல்லோரையும் துணைக்குக் கூப்பிட்டு, ஒரே இழுப்பாக இழுத்தான். காதர் பாயின் உத்தரவாதம் காப்பாற்றப்பட்டது. குழாய்கள் அசையவில்லை. குழாய், போல்ட்டு, கோல் எல்லாவற்றோடும் மேல்பலகை முழுசாகப் பெயர்ந்து, ஒரு பெரிய சீப்பு மாதிரி நீருக்குள் போயிற்று. அது இருந்த இடத்தில் தண்ணீர் உள்ளே வந்தது. அவசரம் ஏதும் இல்லாமல், அழைப்பு வந்த விருந்தாளியைப் போல வந்தது.

கழியில் அந்த இடத்தில் ஆழம் இடுப்பளவுதான். படகு எங்களைச் சேற்றில் உட்கார வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தது. எழுந்து பார்த்தால், ராஜகோபால் விரித்த குடையோடு நிற்கிறார். சபாபதி பையை விடாமல் நிற்கிறார். நான் என் உத்தரவை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கன்னியப்பன் மட்டும் வெற்றி வீரனாகத் துடுப்பை இழுத்து மேலே கொண்டுவந்தான். அதன் முனையில் பலகையும் நான்கு குழாய்களும் தொங்கின.

"மாட்டிகிச்சி தொரை! எம்மாம் பெருசு பாரு!"

"மீன் எங்கேடா?" என்றார் ராஜகோபால்.

அவன் கயிறு போகும் வழியைக் கண்ணால் தொடர்ந்து போனான். அது துடுப்பில் தொடங்கிக் கோலில் முடிந்தது. "இதுல மீனு ஏது தொரை? நீ என்ன புடிச்ச, நா உன்ன புடிச்சேன். ரெண்டு பேருல எவன் மீனுன்னு நீயே சொல்லு."

ராஜகோபால் குடையோடு திரும்பினார். என்னைப் பார்த்தார். என் கைகளைப் பார்த்தார். "கண்காணிப்பாளர் முழுகுகிறார், நீர் காகிதத்தைத் தூக்கிப் பிடிக்கிறீர்!"

"சார், இன்னும் இரண்டே எழுத்துத்தான்..." என்றேன். அந்த நிலைமையில் அதைச் சொல்லியிருக்கக்கூடாது என்று பலர் பின்னால் அபிப்பிராயப்பட்டார்கள். அவர் கையிலிருந்து நழுவியபோது நான் பிடித்த பேனா இன்னும் ஈரமாகாமல் என் காதில் இருந்தது என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

"மீன் மாட்டவில்லை. ஆகவே கையெழுத்து இல்லை. அந்தக் காகிதத்தை ரத்துச் செய்கிறேன்."

"தொடங்கிய உத்தரவை ரத்துச் செய்யத் தனி உத்தரவு வேண்டும் சார். அதற்கும் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்கு மீன் வேண்டும்."

இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு நடைமுறை பேசி நான் வென்ற ஒரே வழக்கு அது. அந்த நேரத்தில் சபாபதியின் பை ஆடியது. வாயைத் திறந்து பார்த்தார். படகு அமுங்கியபோது ஒரு மடவை மீன் எப்படியோ அதற்குள் புகுந்து மாட்டிக்கொண்டிருந்தது.

"சார்! முதல் மீன்!" என்று கத்தினேன்.

"தூண்டிலில் மாட்டவில்லை. பையில் மாட்டியது. பைக்கு முன்மாதிரி இல்லை" என்று சொல்லிவிட்டு, குடை சகிதம் கரையை நோக்கி நடந்தார்.

கரையேறி வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த சபாபதியின் முன்னால் போய் நின்றேன். எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. ஆவணிக்கு எண்ணெய்க் கம்பெனி காப்பி குடிக்கும். கமலா போடாவிட்டால் அவள் அம்மா போடுவாள்.

"கோவமா இருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இருடா, யோசன பண்ணிகினு கீறேன்" என்றார். 'தம்பி' போய் 'டா' வந்துவிட்டது. "கையெழுத்து என் முதுகுலதான் போட்டாரு. பேனா எங்க நின்னுதுன்னு இப்பவும் குறுகுறுன்னுது. பாதிக்கு மேல போட்டுட்டாரு, அதுக்கு நா சாச்சி. அந்த எண்ணெய்க் கம்பெனி பையன வெச்சி நெனச்சி பாத்தேன். தண்ணி இடுப்புக்கு வந்தா எவனா இருந்தாலும் வேட்டியத்தான் தூக்குவான். நீ காயிதத்த தூக்கின. அப்டின்னா உனக்கு என் பொண்ணு வேணும்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "ஆவணியில வெச்சிக்கலாம். ஆனா ஒண்ணு. அந்தக் காயிதத்துக்கு மேல ஒரு முடிவு வர்ற வரைக்கும் நீ எனக்கு டெம்ப்ரவரி மாப்ளதான்."

மீனைக் கமலாதான் குழம்பு வைத்தாளாம். எனக்குத் தரவில்லை. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை பெண்வீட்டில் சாப்பிடக்கூடாது என்று வழக்கமாம்.

பாதிக் கையெழுத்துச் செல்லுமா செல்லாதா என்பதை ராஜகோபால் தாமாக முடிவு செய்யத் துணியவில்லை. மேலிடத்துக்கு எழுதிக் கேட்க உத்தரவிட்டார். அப்படி ஒரு கடிதத்தை முறையாக எழுதத் தெரிந்தவன் அலுவலகத்தில் ஒருவன்தான். ஆகவே என் தலைவிதிக் கடிதத்தை நானே வரைந்தேன். பின்னணி விளங்கவேண்டும் என்பதற்காகப் படகின் அளவு, தாங்கிகளின் இடம், சாய்வு, இடைவெளி எல்லாவற்றையும் வரைபடத்தோடு விளக்கினேன். கையெழுத்து விஷயம் கடைசிப் பத்தியில் வந்தது. முக்கியமானதைக் கடைசியில் வைப்பதுதான் நல்ல நடை என்று அப்போது நினைத்திருந்தேன்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. நினைவூட்டல் அனுப்பினேன். மூத்தவன் பிறந்தான். நினைவூட்டலுக்கு நினைவூட்டல் அனுப்பினேன். ராஜகோபால் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் மீனுக்குப் பயந்தவர். முதல் நாளே மேசையில் உட்கார்ந்து, எண்ணூரில் நனைந்து காய்ந்த தோல்பையைக் கவிழ்த்து, அத்தனை பேருக்கும் புதிதாக உத்தரவு எழுதச்சொல்லி ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் நிரந்தரமானேன். முழுக் கையெழுத்து, சுருள் வால் உள்பட. காகிதத்தை எடுத்துக்கொண்டு டோல்கேட்டுக்கு ஓடினேன்.

சபாபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லதுதான். ஆனா இது வேற ஆர்டரு. ஒரு பார்சலுக்கு இன்னொரு பார்சல் ரசீத காட்டி மூட்டைய எடுத்துகினு போவ முடியுமா? நம்ம காயிதத்துக்குப் பதில் வந்துச்சா?"

வரவில்லை. ஆகவே தீபாவளிக்கு மற்ற மாப்பிள்ளைக்கு வேட்டி வந்தால் எனக்குத் துண்டு வந்தது. "டெம்ப்ரவரிக்கு இது போதும்" என்று மச்சான்கள் பந்தியில் பாதி அப்பளம் வைப்பார்கள். இன்றைக்கும் வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால் கமலா பேரப்பிள்ளைகளிடம், "தாத்தா பாதிதான் சொல்லியிருக்காரு, மீதி மேலிடத்துலேர்ந்து வரணும்" என்கிறாள். அவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். என்னத்துக்கு என்று அவர்களுக்குத் தெரியாது. மூன்று தலைமுறையாகச் சிரிக்கிறார்கள்.

பதில் வந்தது. சபாபதி எங்கள் வீட்டுக்கு வந்திருந்த நாளில், அலுவலகத்திலிருந்து நானே அதைக் கையோடு கொண்டுவந்து பிரித்தேன். என் கடிதத்தின் முதல் பத்தியைத் தாண்டி மேலிடம் படிக்கவில்லை. "தாங்கள் அனுப்பிய வரைபடம் பரிசீலிக்கப்பட்டது. தூண்டில் தாங்கிகளைப் படகின் பின்பக்கத்தில் பொருத்துவதில் ஆட்சேபம் இல்லை" என்று இருந்தது. கையெழுத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. படகு விறகாகிப் பல வருஷம் ஆகியிருந்தது.

சபாபதி அதை வாங்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், எழுத்துக்கூட்டி இரண்டு தரம் வாசித்தார். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஆட்சேபம் இல்லன்னு போட்டுட்டாங்க. மேலிடத்துக்கே இல்லாத ஆட்சேபம் எனக்கு இன்னாத்துக்கு?" என்றவர், உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "கமலா! மாப்ளைக்கு ஒரு வேட்டி எடுக்கணும், கெளம்பு!"

அன்று 1957, ஜூன் 13, வியாழக்கிழமை.